அந்தப் பார்ட்டி எங்கே?

மதுராந்தகத்தில் பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காலத்தில், கடை வாசலிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் ஒருவர் இருந்தார். பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது, 'மூலம் சார்' என்றால்தான் தெரியும். யார் வந்து உட்கார்ந்தாலும் "மூலப்பத்திரம் எடுத்தாந்தீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். நம்ம ஜனங்கள் அதில் பாதியை வெட்டிவிட்டு மீதியை அவருக்குப் பேராக வைத்துவிட்டார்கள். ஒரு தடவை அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு பெரியவர் காலை அகட்டி அகட்டி நடந்து வந்து, "மூலத்துக்குப் பாக்குற டாக்டரு இங்கதான?" என்று கேட்டார். நான் கவுண்டருக்குக் கீழே உட்கார்ந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்து, செங்கல்பட்டு பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தப் பேரைவிட அவருக்குப் பொருத்தமான பேர் ஒன்று உண்டு, அதை நான் மட்டும் மனசுக்குள் வைத்திருந்தேன். "அந்தப் பார்ட்டி எங்க?" இதுதான் அவர் நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கில்லாமல் கேட்ட கேள்வி. பத்திரத்தில் பேர் வரவேண்டிய ஒருவர் எதிரே வந்து உட்காரவில்லை என்றால் அவருக்குப் பேனா ஓடாது. அப்பா செத்துப்போய் மூன்று மகன்கள் பாகப்பிரிவினைக்கு வருவார்கள். எல்லாம் பேசி முடித்து, டீயும் குடித்த பிறகு மெல்லக் கேட்பார்.

"தங்கச்சி இருக்குதா?"

"கீது சார். கருங்குழில கட்டிக் குடுத்தாச்சு."

"கட்டிக் குடுத்தா செத்தா பூட்டா? அந்தப் பார்ட்டி எங்க?"

"அவளுக்குதான் நகை போட்டாச்சே சார்."

"அத அந்தம்மா வந்து சொல்லட்டும்பா. நீயே இன்னாத்துக்கு சொல்ற?"

மூன்று பேரும் எழுந்து பக்கத்து மேஜைக்குப் போய்விடுவார்கள். அங்கே அதே பத்திரம் சாயங்காலத்துக்குள் தயாராகிவிடும். ஜெராக்ஸ் போட என்னிடம்தான் வரும். அவர் தடுத்து நிறுத்தின அநியாயம் என்று ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது. வியாபாரம் போனதுதான் மிச்சம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "உங்க பொழப்புக்கு நீங்களே வேட்டு வச்சிக்கிறீங்களே சார், அப்படி இன்னா பிடிவாதம்?" என்று கத்துவேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பிடிவாதம் இல்லம்மா. எதிர்ல இல்லாத ஆளப் பத்தி எழுத கை வரமாட்டேங்குது, நான் இன்னா பண்ணட்டும்?" என்பார். அந்த 'நான் இன்னா பண்ணட்டும்'தான் அவர். சண்டைக்காரர் இல்லை. சண்டை போடத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்.

அவர் வேதக்காரர். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வோம். பிறப்பில் இல்லை. சதுரங்கப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் கடலோரமாக ஒரு கிராமம், அங்கே விவசாயக் குடும்பம். இளவயதில் கருங்குழியில் ஒரு டீச்சரம்மாவை விரும்பினார். அந்தம்மா பரம்பரை வேதக்காரர். இவர் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு கட்டினார். கல்யாணத்துக்காக முழுக்குப் போட்டவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும், கழுத்து நனைந்ததோடு சரி. இவர் அப்படி இல்லை, உள்ளேயே போய்விட்டார். ஒரே மகள், ஓசூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. நான் கடை போடுவதற்கு முன்பே டீச்சரம்மா இறந்துவிட்டார். கருங்குழி சர்ச்சுக்குப் பின்னால் கல்லறை. பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டிருந்தது. "அது என்னுது. கமிட்டில சொல்லி வச்சிக்கீறேன்" என்று, புதிதாக வீடு வாங்கினவர் சொல்வதுபோல ஒருநாள் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சர்வர் டவுன் ஆகிற நாட்களில் பதிவு ஆபீஸ் தூங்கும், நாங்களும் ஈ ஓட்டுவோம். அந்த நேரத்தில்தான் பைபிளை எடுப்பார். படிப்பதைப் பார்த்தால் ஜெபம் பண்ணுகிறவர் மாதிரியே இருக்காது. பென்சிலை வைத்துக்கொண்டு, முன் பக்கம், பின் பக்கம் திருப்பி, யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று வில்லங்கம் பார்க்கிறவர் மாதிரி இருக்கும்.

"செட்டில்மெண்டுக்கு நல்ல தமிழ் இன்னா தெரியுமாம்மா? ஏற்பாடு. இந்தப் புஸ்தகத்துக்கும் அதான் பேரு. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு."

"இருக்கட்டும் சார். டோனர் வாங்கணும், காசு இல்ல. அதுக்கு எதனா ஏற்பாடு பண்ணுங்க."

"சொல்றத கேளும்மா. பழசு யாருக்கு எழுதினது? யூதருக்கு. கடவுளே எழுதிக் குடுத்தாரு, உனக்கும் உன் வம்சத்துக்கும்னு. ஏசுவும் யூதரு. அவரு அம்மா, சீஷருங்க, எல்லாரும் யூதருங்க. அதே கோயிலுக்குப் போய்க்கினு, அதே பண்டிகைய கொண்டாடிக்கினு கீறாங்க. அப்புறம் நம்மள மாதிரி வெளியாளுங்க வந்து சேந்தோம். வந்து சேந்த கூட்டம் பெருசாயிடுச்சி. பெருசானதும் இன்னா பண்ணோம்? சொத்து பூரா எங்களுது, பழசு ரத்துன்னுட்டோம். வாரிசு சர்டிபிகேட்லயே அண்ணன் பேரு இல்ல!"

"புதுசு வந்தா பழசு ரத்துதான சார்?"

"அது எப்படிம்மா? ரத்துன்னா ரெண்டு பேரும் வந்து கையெழுத்து போட்டாதான் ரத்து. ஒருத்தரு தனியா வந்து ரத்து பண்ணிட்டுப் போனா பதிவு பண்ணுவாங்களா? அந்தப் பார்ட்டி எங்க?"

எனக்கு எங்கள் ஊர் சாமிக்கு விளக்கேற்றவே நேரம் இல்லை, இதில் இஸ்ரவேல் பஞ்சாயத்து வேறு. 'உம்' கொட்டிக்கொண்டே மெஷினைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் எதற்கு அவருக்கு அது அவ்வளவு வலித்தது என்று பிறகுதான் பிடிபட்டது. ஊருக்கெல்லாம் பாகப்பிரிவினை எழுதுகிறவர் தன் வீட்டுக்கு எழுதவில்லை. வீடும் நிலமும் இன்னும் செத்துப்போன அப்பா பேரிலேயே இருந்தது. ஒரே அண்ணன். இவர் முழுக்குப் போட்டு வந்தபோது அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். "எங்கயோ போ. வூடு இங்கதான் கீது" என்று மட்டும் சொன்னாராம். அண்ணனுக்கு ஒரு மகள், கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ஆண் பிள்ளை இல்லை. இவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போய்விட்டு, கத்திரிக்காயோ வேர்க்கடலையோ மஞ்சள் பையில் கொண்டுவருவார். பாதி எனக்கு.

ஒரு பொங்கலுக்கு என்னையும் கூப்பிட்டுப் போனார். அண்ணி அடுப்பில் இரண்டு பானை வைத்திருந்தார். ஒன்று சாமிக்குப் படைக்க. இன்னொன்று சின்னது, படைக்காதது, இவருக்கு. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடக்கூடாது என்பது அவர்கள் மார்க்கத்தில் ஆதியிலிருந்தே இருக்கிற விதியாம். புதிதாக வந்து சேருகிற வெளியாட்களை என்ன செய்வது என்று எருசலேமில் யூதப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியபோது, அவர்கள் தலையில் ரொம்பச் சுமை ஏற்றவேண்டாம், இந்த மாதிரி நாலு விஷயம் போதும் என்று முடிவு செய்தார்களாம். "பாத்தியாம்மா, நமக்காக பேசி, நம்மள சேத்துக்கினதே அந்த அண்ணன்மாருங்கதான்" என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணி அதெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. "தம்பி, இது உன்னுது. சாமிக்குக் காட்டல" என்று இலையில் வைத்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து படைத்ததைச் சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே வெல்லம், ஒரே அரிசி. நான் இரண்டிலும் சாப்பிட்டேன், எனக்கென்ன.

செங்கல்பட்டில் காலேஜில் சரித்திரம் நடத்துகிற மேடம் ஒருவர் மனைப் பத்திரத்துக்கு வந்திருந்தார். சிக்கினார் பாவம். "மேடம், யூதரும் கிறிஸ்தவரும் எந்தத் தேதில பிரிஞ்சாங்க?" என்று கேட்டார் மூலம் சார். அந்தம்மா முதலில் சிரித்தார், பிறகு நிஜமாகவே கேட்கிறார் என்று தெரிந்ததும் பொறுமையாகச் சொன்னார்.

"தேதியெல்லாம் கிடையாது சார். ரோமாபுரிக்காரன் எருசலேம் கோயில இடிச்சப்புறம் ரெண்டு பேருக்குமே நடுவீடு இல்லாமப் போச்சு. அப்பக்கூட முழுசா பிரியல. நூத்துக்கணக்கான வருஷம் இழுத்துச்சு. ஒரே ஆளு சனிக்கிழமை யூதரோட ஜெபாலயம், ஞாயித்துக்கிழமை சர்ச்சுன்னு போயிருக்காங்க. பிரசங்கத்துல 'அங்க போகாதீங்க, அவங்க பண்டிகைக்குப் போகாதீங்க'ன்னு திட்டித் தீர்த்திருக்காங்க. திட்டினதாலதான் ஜனங்க போய்க்கிட்டிருந்தாங்கன்னே நமக்குத் தெரியுது."

"அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கமும் சும்மா இல்ல. இவங்களுக்கு எதிரா ஜெபத்துல ஒரு வரி சேத்தாங்கன்னு சொல்றவங்க உண்டு. அப்புறம் ராஜாவே கிறிஸ்தவரான பிறகு, ஈஸ்டர யூதரோட பண்டிகைக் கணக்க வச்சுக் கொண்டாடக்கூடாதுன்னு பெரிய சபையா கூடித் தீர்மானம் போட்டாங்க."

மேடம் போனபிறகும் அவர் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். "சேந்து சாப்புட்ட பண்டிகைய தனித்தனியா ஆக்கிட்டாங்களேம்மா" என்றார். சாயங்காலம் கடை சாத்தும்போது மறுபடியும், "தேதியே இல்லன்னா எதப் போய் சரி பண்றது?" என்றார். சொந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி முகம். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்தப் பார்ட்டியை நேரிலேயே பார்த்துவிடுவது என்று அவர் முடிவு செய்த கதை இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். மகாபலிபுரத்தில் என் அக்கா வீடு. மீனவர் குப்பம் பக்கத்து லாட்ஜுகளில் இஸ்ரவேல் நாட்டுப் பையன்கள் வந்து தங்குவார்கள் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான்தான் சொல்லிவிட்டேன். "ஒரு சனிக்கிழமை போலாம்மா. அவங்களுக்கு ஓய்வுநாளு. வேல செய்ய மாட்டாங்க, பேச நேரம் இருக்கும்" என்றார். போனோம். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஒரு ஓட்டல் போர்டில் எபிரேய எழுத்தில் என்னமோ எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "மோசே காலத்து எழுத்தும்மா!" என்றார். அது காலை டிபன் விலைப்பட்டியல் என்று ஓட்டல் பையன் சொன்னான்.

ஸ்கூட்டரில் ஒரு பையன் வந்து இறங்கினான். கடலில் குளித்த ஈரத்தலை, கையில் பச்சை குத்தியிருந்தது. எந்த நாடு என்று கேட்டு உறுதி செய்துகொண்டதும் இவருக்கு முதல் அடி. "ஓய்வுநாள்ல ஸ்கூட்டர் ஓட்டுறாரேம்மா" என்று என் காதில் முனகினார். பையன் நல்ல பையன். உட்காரச் சொன்னான். எங்கள் மூன்று பேருடைய இங்கிலீஷும் சேர்ந்து ஒருவழியாக நடந்தது.

"உங்களுக்கு எங்க மேல கோபமா?" என்று கேட்டார்.

"யார் மேல?"

"கிறிஸ்தவங்க மேல."

பையன் என்னைப் பார்த்தான். நான் ஓட்டல் கூரையைப் பார்த்தேன். தனக்கு எந்தச் சாமியும் கிடையாது, மூன்று வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு எல்லாவற்றையும் மறக்கத்தான் இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னான். இவர் விடவில்லை, எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். இவர் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அவனாகவே சொன்னான். அவனுடைய தாத்தா ஐரோப்பாவில் ஒரு ஊரில் சின்னப் பையனாக இருந்தபோது, ஏசுவைச் சிலுவையில் அறைந்த பெரிய வெள்ளி அன்று கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னலுக்குப் பலகை அடித்து உள்ளேயே இருப்பார்களாம். சர்ச் விட்டு வெளியே வருகிற கூட்டம் கல்லை எடுக்குமாம்.

"சர்ச் விட்டா?" என்று கேட்டார்.

"ஆமாம். ஏசுவைக் கொன்றது யூதர்கள்தான் என்று பிரசங்கம் கேட்டுவிட்டு."

மூலம் சார் எழுந்து நின்றார். கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டார். பையனுக்கு ஒரே சங்கடம். "நீங்கள் என்ன செய்தீர்கள், ஐயா? உங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்றான். "நான் ஒண்ணும் செய்யல. ஆனா அந்த பிரசங்கத்துல நானும் வருசா வருசம் உக்காந்துகினுதான் கீறேன்" என்று தமிழில் என்னிடம் சொன்னார், மொழிபெயர்க்கச் சொல்லி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பையன் ஒரு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தான்.

அடுத்து வந்த பெரிய வெள்ளியில் பாஸ்டர் வழக்கமான பிரசங்கம் செய்தார். ஏசுவை விசாரித்த ரோமாபுரி அதிகாரி பிலாத்துவின் முன்னால் கூடின யூதக் கூட்டம், இந்த ரத்தத்தின் பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும் இருக்கட்டும் என்று கத்தினதாக வருகிற இடம். அதனால்தான் அந்த ஜனம் இன்றைக்கு வரைக்கும் அலைக்கழிகிறது என்றார். இவர் எழுந்து நின்றுவிட்டார். சர்ச்சில் நடுவில் யாரும் எழுந்து பேசுவதில்லை. எனக்குச் சொன்னது அந்தச் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிற பெண், என் கஸ்டமர்.

"ஐயா, அன்னைக்கு அங்க கூடுனது நூறு பேரோ இருநூறு பேரோ. ஊர்ல இல்லாதவங்களுக்கு, பொறக்காத புள்ளைங்களுக்கு சேத்து அவங்க எப்படி கையெழுத்து போடலாம்? மைனர் சொத்த விக்கவே கோர்ட்டு பர்மிஷன் வேணும். பொறக்காத புள்ள தலையில பழிய எழுதிவச்சா அது செல்லுமா? அந்தப் பார்ட்டி எங்க?"

யாரோ சிரித்தார்கள். பாஸ்டர் இவரைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷர். "உக்காருங்க அண்ணே, அப்புறம் பேசுவோம்" என்றார். உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யாரும் பேசவில்லை. அடுத்த வருஷமும் அதே பிரசங்கம்தான். ஒன்றும் மாறவில்லை, கமிட்டியில் மட்டும் இவருக்கு 'யூத வக்கீல்' என்று ஒரு புதுப் பேர் கிடைத்தது.

அண்ணனுக்கு நுரையீரலில் கோளாறு வந்தது அதற்கடுத்த மழைக்காலத்தில். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் சனிக்கிழமை போவது போய், தினமும் சாயங்காலம் போக ஆரம்பித்தார். ஒருநாள் காலையில் வந்து மேஜையைத் துடைக்காமலே உட்கார்ந்தார்.

"அண்ணாத்த ஒண்ணு கேட்டுச்சும்மா."

"இன்னா கேட்டாரு?"

"எனக்குப் புள்ள இல்ல, நீதான்டா கொள்ளி வைக்கணும்னு கேட்டுச்சு. உன் சாமி கோச்சிக்குமான்னு வேற கேட்டுச்சு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"சாமி கோச்சிக்காது அண்ணாத்த, கமிட்டிதான் கோச்சிக்கும்னேன். சிரிச்சுது. சிரிச்சா இருமல் வந்துருது அதுக்கு."

இதில் என்ன பெரிய விஷயம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவர்தான் விளக்கினார். அவர்கள் சபையில் சாவு வீட்டுக்குப் போகலாம், மாலை போடலாம், அழலாம். கொள்ளி வைத்தால், அது வேற்று மார்க்கத்துச் சடங்கு, திருவிருந்து, அதாவது சர்ச்சில் கொடுக்கிற அப்பமும் ரசமும், நிறுத்தப்படும். திருவிருந்து நிறுத்தப்பட்டவருக்குக் கல்லறையில் இடம் கிடையாது. அதாவது டீச்சரம்மா பக்கத்து இடம் போய்விடும். பாஸ்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "அண்ணே, நான் உங்கள தடுக்கல. ஆனா இது என் கையில இல்ல" என்று பாஸ்டர் கண் கலங்கினாராம். எல்லோரும் நல்லவர்கள், அதுதான் பேஜாரு. ஒரு கெட்டவன் இருந்தால் அவனையாவது திட்டியிருப்பேன்.

அண்ணன் இறந்த செய்தி ஒரு திங்கட்கிழமை காலை வந்தது. முகூர்த்த நாள், பத்திரம் பதிய ஆபீஸ் வாசலில் ஒரே கூட்டம். மேஜையை மடித்து என் கடைக்குள் வைத்துவிட்டு, "நான் வைக்கத்தான் போறேம்மா" என்றார்.

"அப்போ டீச்சரம்மா?"

"அவளுக்கு அங்க அவ அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் பக்கத்துலயே கீறாங்க. அண்ணாத்தைக்கு யார் கீறாங்க, சொல்லு?"

கடையைச் சாத்திவிட்டு நானும் கூடவே போனேன்.

கிராமத்தில் பாடை கட்டி முடித்திருந்தார்கள். இவர் கிணற்றடியில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து நின்றார். வாசலில் கொள்ளிச்சட்டி புகைந்துகொண்டிருந்தது. கொள்ளி வைக்கிறவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கவேண்டும். இவர் குனிந்து சட்டிக் கயிற்றில் கை வைத்தார். பங்காளிகளில் பெரியவர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, மெதுவாகத்தான்.

"நீ வுடு நைனா. மாப்ள தூக்குவாரு."

"அண்ணாத்த என்னைத்தான் கேட்டுக்கினு போச்சு."

"சாவற நேரத்துல ஆயிரம் கேப்பாங்க. நீ வேதத்துக்குப் போய்ட்ட ஆளு. உன் கையால வச்சா அவனுக்குப் போய்ச் சேராது. அவனுக்கு நல்ல கதி வேணாமா?"

உள்ளேயிருந்து அண்ணி கத்தினார். "அவரு வாயால சொன்னாரு, நான் காதால கேட்டேன்! தம்பிய தூக்க வுடுங்க!" தாலி அறுக்கப்போகிற பெண் பேச்சை அந்த நேரத்தில் யார் கேட்கிறார்கள். இரண்டு பெண்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"நான் எங்கயும் போவலயே, பெரீப்பா. இங்கதான நிக்கிறேன்" என்றார் இவர்.

அண்ணனின் மருமகன் வந்து சட்டியைத் தூக்கிக்கொண்டார். பறை அடித்தது. பாடை தெருமுனை திரும்பும்போது, ஈர வேட்டியோடு கூட்டத்தின் கடைசியில் இவர் நடந்து போவது தெரிந்தது. பெண்களோடு நான் நின்றுவிட்டேன். கடல் காற்றில் அந்த வேட்டி அவர் சுடுகாடு போய்ச் சேருவதற்குள் காய்ந்திருக்கும்.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சாவுக்கு வந்த யாரோ ஒரு புண்ணியவான் செல்போனில் வீடியோ எடுத்திருந்தான். ஈர வேட்டி, குனிகிறார், கை சட்டியில் படுகிறது, அத்தோடு வீடியோ முடிந்துவிட்டது. அது எப்படியோ கருங்குழி சபை வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்தது. கமிட்டி கூடியது. அவர்களும் ஒன்றும் ராட்சசர்கள் இல்லை. "வச்சீங்களா, வைக்கலயா? வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும், நாங்க நம்பறோம்" என்றார்கள். அடுத்த திருவிருந்து வரைக்கும் நேரம் கொடுத்தார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம். இதைவிட என்ன வேண்டும்? அவர் மேஜைக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"சார், நேரா போய் வைக்கலன்னு சொல்லிட்டு வந்துருங்க. உண்மைதான? நானே பாத்தேன். வேணும்னா நானும் வந்து சொல்றேன்."

"உண்மைதாம்மா."

"அப்புறம் இன்னா?"

"வைக்கலன்னு சொல்லி அந்த எடத்த நான் வாங்கிக்கினா, அண்ணாத்தைய நான் வேணாம்னுட்டேன்னு ஆவுது. நான் வேணாம்னு சொல்லலியே."

"அப்போ அவங்க வுடலன்னு சொல்லுங்க."

"சொன்னா, பாத்தீங்களா அந்த ஜனங்கள, செத்தவன் ஆசையக்கூட மதிக்கலன்னு இங்க பேசுவாங்க. பெரீப்பா அண்ணாத்தைக்கு நல்லது நெனச்சிதான் என் கையப் புடிச்சாரு. இங்க வந்து பதில் சொல்றதுக்கு அவரு இல்ல."

"வச்சேன்னு சொல்லிடுங்களேன், போவட்டும்!"

"பொய்ம்மா அது."

நான் கத்தினேன். பதிவு ஆபீஸ் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்லக்கூட முடியாதா, ஊர் உலகத்தில் எல்லோரும் வாய் கூசாமல் எழுதிப் பதிந்துவிட்டுப் போகிறார்களே, நீங்கள் மட்டும் என்ன. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "திட்டும்மா. ஆனா நான் எதச் சொல்லணும்னு நீயே யோசிச்சு சொல்லு. நான் போய் அப்படியே சொல்லிடறேன்" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். யோசித்தேன். அன்றைக்கு யோசித்தேன், அந்த வாரம் பூராவும் யோசித்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

கமிட்டியிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. திருவிருந்து அன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்பம் வாங்காமலே எழுந்து வந்தாராம். அடுத்த கோடையில் அவர் மகள் வந்து ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேஜையை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்து அங்கேயே இறந்தார், அங்கேயே ஏதோ ஒரு கல்லறையில் அடக்கம் செய்தார்கள். போன மாதம் கருங்குழியில் ஒரு வேலையாகப் போனவள், சர்ச்சுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். டீச்சரம்மாவுக்குப் பக்கத்தில் புதுசாக கிரானைட் போட்டு வேறு யாரையோ புதைத்திருக்கிறார்கள். கல்லில் இருந்த பேரைப் படித்தேன். நமக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை.